அண்ணனுக்குக் குடலில் வந்தது, எனக்கும் வருமா?

கேள்வி:

எங்கள் ஊர் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம். எனக்கு 40 வயது. அச்சாபீஸில் பைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். என் அண்ணன் பயராபீஸில் போர்மேன். வயது 45, எடை 92 கிலோ. போன வருடம் அவருக்கு வெளிக்குப் போகும்போது இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. மூலம் என்று சொல்லி ஒரு வைத்தியரிடம் எட்டு மாதம் மருந்து சாப்பிட்டார். குறையவில்லை. கடைசியில் மதுரைக்குப் போய்ப் பார்த்தபோது பெருங்குடலில் புற்றுநோய், மூன்றாவது கட்டம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ நடக்கிறது.

தொப்பையும் எண்ணெய்ப் பரோட்டாவும்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அவர் சாப்பிடவே கூச்சப்படுகிறார். எங்கள் அம்மாவோ, இருபத்தைந்து வருடம் பட்டாசு மருந்துப் பொடியில் கை வைத்ததால் வந்தது என்கிறார். எது உண்மை? குண்டாக இருந்தால் குடலில் எப்படிப் புற்றுநோய் வளரும்? கஞ்சியும் அருகம்புல் சாறும் மட்டும் கொடுங்கள், கட்டி பட்டினி கிடந்து சுருங்கிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? நானும் 152 சென்டிமீட்டர் உயரத்துக்கு 71 கிலோ இருக்கிறேன். என்ன சாப்பிட வேண்டும்? நானும் ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

வாசகி, விஸ்வநத்தம்

பதில்:

சகோதரி, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள், டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று. அதிலிருந்தே தொடங்குகிறேன். எடுக்க வேண்டும். அதன் பெயர் கொலோனோஸ்கோபி. உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில் குடலைப் பார்த்துவிட வேண்டும். அல்லது, நோய் வந்தவருக்கு அது எந்த வயதில் தெரிந்ததோ அதற்குப் பத்து வயது முன்னால் பார்க்க வேண்டும். இரண்டில் எது முந்தியதோ அதுதான் கணக்கு. அண்ணனுக்கு 45-ல் தெரிந்தது என்றால் உங்களுக்கு 35. ஐந்து வருடம் ஏற்கெனவே கடந்துவிட்டது. பரோட்டாவை விட்டுவிட்டேன், இனி டெஸ்ட் எதற்கு என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். உணவு இனி வரப்போவதை ஓரளவு தடுக்கும். ஏற்கெனவே குடலில் முளைத்திருப்பதை அது எடுத்துப் போடாது.

இனி தொப்பைக்கு வருகிறேன். சொந்தக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்து, உடலில் சேரும் மிதமிஞ்சிய கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று அறிவித்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அதில் ஒன்று. எவ்வளவு தொடர்பு? 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஐந்தரை அடி உயரமுள்ள ஆணுக்கு எடை ஏறக்குறைய 14 கிலோ கூடினால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடுகிறது. பெண்களுக்கு அதே அளவு பருமன் கூடினால் 9 விழுக்காடுதான்.

இந்த 24-ஐச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குண்டாக இருக்கும் 100 பேரில் 24 பேருக்கு நோய் வரும் என்று பொருளில்லை. இந்தியாவில் இந்த நோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஐந்து பேர் அளவில்தான் வருகிறது. அந்த ஐந்து, ஆறாகிறது. ஊர் முழுக்க எடை கூடும்போது இது பெரிய கணக்கு. தனி ஒருவரைக் காட்டி, உனக்கு வந்தது உன் தொப்பையால்தான் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்காது. ஒட்டிய வயிறும் குச்சிக் கைகளுமாக வந்து என் ஆபரேஷன் மேசையில் படுத்தவர்கள் எத்தனையோ பேர். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக்கு இந்த நோயோடு வருபவர்களில் பாதிப் பேர் 50 வயதைத் தாண்டாதவர்கள். ஆகவே அண்ணன் தட்டில் கை வைக்கும்போது பரோட்டாப் பேச்சை எடுக்கிறவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னார் என்றே சொல்லுங்கள். கீமோ நடக்கும் மாதங்களில் ஒரு மனிதன் கூச்சப்பட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால் அவனுக்கு உடம்பு தளரும், அடுத்த டோஸ் தள்ளிப்போகலாம். அந்தப் பேச்சு அவர் சிகிச்சையையே கெடுக்கும்.

கொழுப்பு குடலில் எப்படிப் புற்றை வளர்க்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அச்சாபீஸை வைத்தே சொல்லலாம். ஆப்செட் பிளேட்டில் ஒரு கீறல் விழுந்தால் அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு தாளிலும் அந்தக் கீறல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நம் குடலின் உள்தோலும் ஓயாமல் ஓடும் ஒரு மிஷின்தான். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பழைய தோல் உதிர்ந்து புதுத்தோல் வருகிறது. அதை அச்சடித்துக் கொடுக்கும் மூல அணுக்கள் குடல் சுவரின் சின்னச் சின்னக் குழிகளின் அடியில் இருக்கின்றன. அங்கே ஒரு மரபணுவில் கீறல் விழுந்தால் அதிலிருந்து வரும் எல்லா அணுவும் அதே கீறலோடு வரும். பெரும்பாலும் முதலில் விழுவது ஏபிசி என்ற மரபணுவில். அது வளர்ச்சிக்குப் பிரேக் போடும் மரபணு. பிரேக் போனதும் அந்த இடத்தில் காளான் மொட்டுப் போல ஒரு பாலிப் முளைக்கும். இது இன்னும் புற்றுநோய் இல்லை. இன்னும் இரண்டு மூன்று கீறல்கள் விழுந்து அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகும்.

உடல்பருமன் இந்த மிஷினின் வேகத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஓமர் யில்மாஸ் குழுவினர், கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பாக உள்ள தீனியைச் சுண்டெலிகளுக்குப் பல மாதம் கொடுத்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். எலிகள் கொழுத்தன. குடல் குழிகளின் அடியில் இருந்த மூல அணுக்கள் பெருகின. வியப்பு அதற்கு மேலே இருந்தது. வழக்கமாக இரண்டு மூன்று நாள் வேலை பார்த்து உதிர்ந்துபோக வேண்டிய அடுத்த தலைமுறை அணுக்களுக்கும் மூல அணுவின் குணம் வந்துவிட்டது. உதிராமல் தங்கிப் பிரியும் அணு கூடக்கூட, கீறல் விழவும் அது தங்கவும் இடம் கூடுகிறது. அந்த எலிகளுக்குக் குடல் கட்டிகளும் கூடுதலாக வந்தன. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கு நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கொழுப்பு நேராகக் குடல் அணுவின் பிறப்பிடத்துக்கே போய்ப் பேசுகிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

மனித உடலில் இன்னொரு வழியும் உண்டு. தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு மோசமானது. ஆபரேஷனின்போது வயிற்றைத் திறந்தால் அது மஞ்சள் போர்வை மாதிரி குடலை மூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். அந்தக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் விடுகிறது, இன்சுலினின் வேலையையும் கெடுக்கிறது. உடல் அதை ஈடுகட்ட இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் என்றால் சர்க்கரை நோயோடு சேர்த்தே நமக்குத் தெரியும். ஆனால் அது வளரச் சொல்லும் ஹார்மோனும்கூட. குடல் அணுவுக்கு அது, பிரிந்துகொண்டே இரு என்று இடைவிடாமல் சொல்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பெருங்குடல் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவதாகப் பித்தநீர். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பித்தநீர் அதிகம் சுரக்கும். மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளால் உருமாறி உள்தோலை அரிக்கும்.

அரிக்கும் பொருளிலிருந்து குடலைக் காப்பாற்றுவது நார். இதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். உகாண்டாவில் பல வருடம் வேலை பார்த்தவர். இங்கிலாந்தில் அன்றாடம் பார்க்கும் குடல் புற்றுநோய் ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஏன் அரிதாக இருக்கிறது என்ற கேள்வி அவரைவிட்டுப் போகவில்லை. அவரும் அவர் கூட்டாளிகளும் மக்களின் மலத்தை எடை போட்டார்கள், உண்டது வெளியே வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். கிராமத்து ஆப்பிரிக்கருக்கு ஒன்றரை நாள். ஆங்கிலேயருக்கு மூன்று நாளுக்கும் மேல். 1971-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் நார்ச்சத்து என்ற சொல் மருத்துவத்தில் மரியாதை பெற்றது.

அவர் சொன்னது எல்லாம் அப்படியே நின்றுவிடவில்லை. 2000-ல் அமெரிக்காவில் பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்கு நான்கு வருடம் நார் கூடிய, கொழுப்புக் குறைந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். பாலிப் திரும்ப வருவது குறையவில்லை. ஆனால் பல நாட்டு மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அன்றாடம் சாப்பிடும் நார் 10 கிராம் கூடினால் நோய் வாய்ப்பு 10 விழுக்காடு குறைகிறது. எனக்கு இதைவிட மனதில் நிற்பது 2015-ல் வந்த ஒரு ஆய்வு. பிட்ஸ்பர்க்கில் 20 கறுப்பின அமெரிக்கர்கள், தென் ஆப்பிரிக்கக் கிராமத்தில் 20 பேர். இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு ஆப்பிரிக்கர்களின் மக்காச்சோளக் களியும் பயறும், ஆப்பிரிக்கர்களுக்கு அமெரிக்கர்களின் பர்கரும் பொரித்த தீனியும். பதினான்கே நாளில் அமெரிக்கர்களின் குடல் தோலில் அழற்சி தணிந்தது, அணு பிரியும் வேகம் குறைந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு இரண்டும் ஏறின. நாரைத் தின்று குடல் கிருமிகள் பியூட்டிரேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன. குடல் தோலுக்கு அதுதான் முதல் ஆகாரம். நார் போனால் அதுவும் போய்விடுகிறது.

குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய சிவகாசிக்காரர்களுக்கு நிஜ ஜப்பான் கதை ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் குடியேறியவர்களை 1960-களில் ஆராய்ந்தார்கள். சொந்த நாட்டில் அவர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் அதிகம், குடல் புற்றுநோய் குறைவு. குடியேறியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் வயிற்றுப் புற்று குறைந்து, குடல் புற்று அமெரிக்கர்கள் அளவுக்கு ஏறிவிட்டது. இரத்தம் அதேதான், மாறியது அடுப்பங்கரை.

நம் பக்கம் யாரும் கப்பல் ஏறவில்லை. சாப்பாடு நம்மைத் தேடி வந்தது. நானும் கரிசல்காட்டுக்காரிதான். என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றிருந்தது. மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. கம்பு இடிக்கிற உலக்கைச் சத்தத்தில்தான் விடியும். அது வறுமையின் சாப்பாடு. அந்த வறுமைக்காக நான் ஏங்கவில்லை. இன்று சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு சிவகாசி ரோட்டில் நின்று பாருங்கள். அகலச் சட்டியில் கணுக்கால் ஆழத்துக்கு எண்ணெய். மைதா மாவை வீசி, சுருட்டி, தட்டி, அதில் போடுகிறார். ஓரம் சிவந்து மொறுமொறுவென்று வந்ததும் நான்கை அடுக்கி இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கி ஒரு தட்டு. நொறுங்கிய பரோட்டா மேல் சால்னா. ஆறு நாள் உழைத்த உடம்புக்கு அந்த வாசம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். வாரம் ஒரு நாளாக இருந்தது பலருக்கு நாலு நாளாகிவிட்டது என்பதுதான் என் கவலை. காலையில் ஏழு மணிக்கு வேன் ஏறி, அந்திக்கு வந்து, அடுப்புப் பற்றவைக்கத் தெம்பில்லாத பெண்கள் வீட்டுக்குப் பரோட்டா பார்சல் வருவதில் ஆச்சரியம் என்ன?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலில் பாருங்கள். நூறு கிராம் மைதாவில் நார் 3 கிராம்கூட இல்லை. தீட்டிய வெள்ளை அரிசியிலும் அவ்வளவுதான். கம்பில் 11 கிராம். பச்சைப்பயறில் 17. கறுப்புக் கொண்டைக்கடலையில் 25. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையிலும் மதியமும் வெள்ளைச் சோறு, அந்திக்குச் சேவும் டீயும், இரவு பரோட்டா என்று போனால் அந்த அளவை எட்டுவது கடினம்.

எடைக் கணக்கும் அப்படியே ஏறியிருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 31 பேர். 2019-21-ல் 40 பேர். நாலைந்து வருடத்தில் இவ்வளவு. உங்கள் உயரத்துக்கு 53 கிலோவைத் தாண்டினாலே நம் நாட்டு அளவுகோலில் கூடுதல் எடைதான். தராசைவிட தையல் டேப் நல்லது. தொப்புள் மட்டத்தில் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. அதற்கு மேல் என்றால் உள்ளே மஞ்சள் போர்வை தடிக்கிறது.

53-க்கு வந்தே தீர வேண்டும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆறு மாதத்தில் 71-லிருந்து 66-க்கு வாருங்கள், போதும். இன்சுலின் தணிவதற்கு அந்த ஐந்து கிலோவே உதவும். ஒரு நாளைக்கு ஒரு வேளை நூறு கிராம் கம்பு, சோறாகவோ தோசையாகவோ. குழம்பில் மிதக்கிற பருப்பு போதாது, ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறோ தட்டாம்பயறோ தனியாக அவித்தது வேண்டும். ஒரு கொய்யா. இதிலேயே 25 கிராம் நார் வந்துவிடுகிறது, கடையில் எந்தப் பவுடரும் வாங்க வேண்டியதில்லை. தூக்குச்சட்டியில் சோற்றைப் பாதியாக்கி மீதி இடத்தில் முருங்கைக்கீரையோ அவரைக்காயோ வையுங்கள். அந்திக்குச் சேவுப் பொட்டலத்துக்குப் பதில் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ. கோடையில் சாத்தூர் வெள்ளரிக்காய் இருக்கவே இருக்கிறது. பரோட்டா சனிக்கிழமைக்கு இருக்கட்டும், இரண்டோடு. பாக்கெட்டில் பளபளவென்று வெள்ளையாக வரும் குதிரைவாலியை நம்பி வாங்காதீர்கள். தீட்டும்போதே நாரும் போய்விடுகிறது. தவிடு ஒட்டி மங்கலாக இருப்பதை வாங்குங்கள். பழைய சோறு நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், அது குடல் கிருமிக்கு நாரைப் போலவே உதவும். நல்லதுதான். புற்றுநோய்க்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கறியைப் பற்றி ஒரு சொல். பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் உறுதியாக அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும். அது சாசேஜ், ஹாம் போன்றவை. நம் உப்புக்கண்டமும் அந்த வகைதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுப்பவர்களைப் பார்த்து நான் அஞ்சவில்லை.

அம்மாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். குடல் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்கள் என்று அந்த ஆய்வு முகமை பட்டியலிட்டிருப்பவை மது, புகையிலை, பதப்படுத்திய இறைச்சி, கதிர்வீச்சு. கந்தகமோ அலுமினியப் பவுடரோ வெடியுப்போ அதில் இல்லை. அதற்காக மருந்துக் கையோடு சோறு பிசையலாம் என்று அர்த்தமில்லை. நுரையீரலுக்கும் தோலுக்கும் அது கெடுதல், சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் தூக்குச்சட்டியைத் திறக்கக் கூடாது. ஆனால் அண்ணன் குடலுக்கு வந்ததை அந்தப் பொடியின் மேல் போட என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் குடிப்பாரா, பீடி சிகரெட் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் பரோட்டாவுக்கு முன்னால் நிறுத்த வேண்டியவை அவைதான்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தொப்பையோ பொடியோ இல்லை. அந்த எட்டு மாதம். நம் மாவட்டத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் மூலம், பவுத்திரம் என்று எழுதியிருக்கிறது. மலத்தில் இரத்தம் என்றால் நம் ஊருக்குத் தெரிந்த ஒரே பெயர் மூலம். பலருக்கு அது மூலமாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மூலமா வேறா என்று பார்க்க ஆசனவாய்க்குள் கையுறை போட்ட விரலை விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். நாற்பது வயதைத் தொட்டவருக்கு இது இல்லாமல் மூலம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இதை நான் கோபத்தோடு சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சித்தி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். ஒருநாள் படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்றார். இரத்தம் குறைவு என்று ஒரு கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் சாப்பிட்டார். மாதவிலக்கு நின்று ஆறு வருடமான பெண்ணுக்கு இரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம். விடுமுறைக்குப் போனபோது வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வலது பக்கம் அடிவயிற்றில் மாங்காய் அளவுக்கு ஒரு கட்டி என் விரலில் தட்டியது. வலது பக்கக் குடலில் வரும் புற்று அப்படித்தான், இரத்தம் கண்ணுக்கே தெரியாமல் கசியும், சோகைதான் முதல் அடையாளம். சித்தி அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார்.

ஆகவே வெளிக்குப் போனால் எழுந்து தண்ணீர் ஊற்றுமுன் ஒரு நொடி திரும்பிப் பாருங்கள். இரத்தம், கறுத்த மலம், இத்தனை நாள் இல்லாத சிக்கல் அல்லது போக்கு மூன்று வாரத்துக்கு மேல், காரணமில்லாமல் எடை குறைவது, சோகை. இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அரசுப் பரிசோதனைத் திட்டங்களில் வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்களைத் தேடுகிறார்கள், நல்ல காரியம். குடல் அந்தப் பட்டியலில் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண்கள், மலத்தில் இரத்தம் போகிறதா என்று கூடவே ஒரு கேள்வி கேட்டால் போதும், எத்தனையோ சித்திகள் மிஞ்சுவார்கள்.

அண்ணனுக்கு. கஞ்சியும் அருகம்புல் சாறும் மட்டும் கொடுக்கக் கூடாது. கட்டி பட்டினி கிடக்காது, மனிதர்தான் கிடப்பார். கீமோ முடியும்வரை எடை குறைக்கும் பேச்சே வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, தயிர், அவருக்கு வாய்க்கு எது பிடிக்கிறதோ அது. வயிற்றுப்போக்கு இருக்கும் நாள்களில் கீரையையும் கம்பையும் நிறுத்திக் குழைந்த சோறு கொடுங்கள், நின்ற பிறகு மெல்லத் திரும்பலாம். கீமோ முடிந்ததும் அவர் நடக்க வேண்டும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் வைத்து உடற்பயிற்சி கொடுத்த ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வந்தது. எட்டு வருட முடிவில் உடற்பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 83. சில விலையுயர்ந்த மருந்துகள்கூடத் தராத பலன் இது. வேகமாக நடப்பது, ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம், வாரத்தில் நாலு நாள். கண்மாய்க் கரையில் போதும்.

கடைசியாக ஒன்று, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு 50 வயதுக்குள் வந்திருக்கிறது. அவரிடமிருந்து எடுத்த கட்டியில் எம்.எம்.ஆர். பரிசோதனை செய்தார்களா என்று மதுரை டாக்டரிடம் கேளுங்கள். மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று அதில் பார்ப்பார்கள். ஒன்று இல்லையென்றால் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கலாம். உங்கள் தாய் தந்தை வழியில் யாருக்காவது குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று அம்மாவிடம் விசாரியுங்கள். லிஞ்ச் உள்ளவர்களுக்கும் எடை முக்கியம். அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், உடல்பருமன் உள்ளவர்களுக்குக் குடல் புற்று இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது.

கொலோனோஸ்கோபிக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகலாம், உங்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேட்டு அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். அண்ணனின் பயாப்ஸி ரிப்போர்ட் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். பாலிப் இருந்தால் அப்போதே கண்ணி போட்டு எடுத்துவிடுவார்கள். பாலிப் எடுத்தவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் பாதிக்கு மேல் குறைந்தது என்று அமெரிக்காவில் நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் பேதிக்கு மருந்து குடிக்க வேண்டியிருக்கும். அன்று வேலைக்கு லீவு சொல்லிவிடுங்கள், காலண்டர் சீசனாக இருந்தாலும். அண்ணன் பிள்ளைகளுக்கு 35 வயதில் இதே பரிசோதனை வேண்டும், லிஞ்ச் என்று தெரிந்தால் இன்னும் முன்னாலேயே. அதை அண்ணியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். துணைக்கு அவரையே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியில் பஸ்ஸில் பேசலாம்.